என் அப்பாவுக்கு ஒரு ‘ங்க’

காலையில் நான் வேலை செய்யும் நூலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், வாயிற்காவலர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, “கூட்டன் மோர்கன், ஃப்ராவ் கருப்பன்” என்பார். காலை வணக்கம், திருமதி கருப்பன். வட ஜெர்மனியின் இந்தச் சின்னப் பல்கலைக்கழக நகரத்துக்கு நான் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. குளிர் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது என்பது பழகிவிட்டது. கல் மாதிரி இருக்கும் ரொட்டியைக் கத்தியால் அறுத்துத் தின்பதும் பழகிவிட்டது. இந்த ‘ஃப்ராவ் கருப்பன்’ மட்டும் இன்னும் பழகவில்லை. ஏனென்றால் கருப்பன் நான் இல்லை, என் அப்பா. நான் மல்லிகா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள், அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து மின்கட்டண அலுவலகம் முதல் பல் மருத்துவர் வரை இந்த நாட்டில் எல்லோரும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் முன்னால் ஒரு மரியாதைச் சொல்லை வைத்து.

நம்முடைய நீ, நீங்கள் மாதிரி ஜெர்மன் மொழியிலும் இரண்டு உண்டு. ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். முன்பின் தெரியாதவருக்கு ‘ஸீ’தான். குப்பை வண்டி ஓட்டுகிறவருக்கும் ‘ஸீ’, பேராசிரியருக்கும் ‘ஸீ’. இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அன்று மற்ற நாட்டுப் பிள்ளைகள் இலக்கணம் கூடிப்போயிற்றே என்று அலுத்துக்கொண்டார்கள். நான் மட்டும், குப்பை வண்டிக்காரருக்குமா என்று ஆசிரியையிடம் இரண்டாவது தடவை கேட்டேன். கேள்வி புரியாமல் அவர் இலக்கணத்தை மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார்.

கேள்வி புரிய வேண்டுமென்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் கிணத்துக்கடவுக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் வளவு, எங்கள் சாதியார் மட்டும் குடியிருக்கும் இடம். நாங்கள் அருந்ததியர். அப்பா ஒரே குடும்பத்தின் தோப்பில் வாலிபத்திலிருந்து தேங்காய் உரிக்கிறார். கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் “அடிச்சுப்போடுவனுங்க” என்று மரியாதையாகத்தான் அடிக்க வருவார்கள் என்று மற்ற ஜில்லாக்காரர்கள் கேலி செய்வதை நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ‘ங்க’ எங்கே போய் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பாவோடு தோப்புக்குப் போவேன். பண்ணாடி வீட்டுப் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். பண்ணாடி என்றால் தோப்புக்குச் சொந்தக்காரர், அவர் மகனை நாங்கள் சின்னப் பண்ணாடி என்போம். அவன் வந்து, “டே கருப்பா, எளநி ஒண்ணு வெட்டுடா” என்பான். அப்பா, “இதா வாரேனுங்க சாமி” என்று ஓடுவார். அவன் அந்தப் பக்கம் திரும்பித் தொழுவத்திலிருக்கிற கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே, “வாங்க சாமி, தண்ணி குடிங்க” என்று கொஞ்சுவான். ஒரே வாய்தான். கன்றுக்குட்டிக்குக் கிடைத்தது என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. காலம் மாறிவிட்டது என்று இப்போது யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. மாறியிருக்கிறது, அந்தப் பையனுக்கு மீசை வந்துவிட்டது, கார் வந்துவிட்டது, நார் மில் வந்துவிட்டது. ‘டே’ அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, வேலையில் சேர்ந்த சில மாதங்களில் எங்கள் தலைமை நூலகர் ஃப்ராவ் லோரென்ஸ் செய்த காரியத்தை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதை நீங்களாவது புரிந்துகொள்வீர்கள். ஒருநாள் சமையலறையில் எல்லோருக்கும் கேக் வெட்டினார். எனக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டி, “நான் பிர்கிட். இனிமேல் நாம் ‘டூ’ சொல்லிக்கொள்ளலாமே” என்றார். சுற்றியிருந்தவர்கள் புன்னகையோடு பார்த்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது. நேற்றுவரை ‘நீங்கள்’, இன்றைக்கு ‘நீ’யா? என்ன தப்புச் செய்துவிட்டேன்? போதாக்குறைக்கு, நம் ஊரில் பிள்ளைகள் சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொள்வதற்குப் பெயரே ‘டூ விடுவது’. இந்த அம்மாள் கேக்கைக் கொடுத்து டூ விடுகிறாரே என்று நினைத்தேன். “நைன், டாங்கெ” என்றேன். வேண்டாம், நன்றி. அறையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோயிற்று. இந்த நாட்டில் மேலதிகாரி தானாக முன்வந்து ‘டூ’வைக் கொடுப்பது பெரிய அன்பு, அதை மறுப்பது நீட்டிய கையைத் தட்டிவிடுவது போல என்று பிறகு ஒருவர் பொறுமையாக விளக்கினார். விளங்கியது. விளங்கிய பிறகும் நான் ‘ஸீ’யை விடவில்லை. உங்களுக்கு அது சலித்துப்போன பழைய சட்டையாக இருக்கலாம், எனக்கு இப்போதுதான் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கழற்றமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அந்த அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் வரவில்லை. ஃப்ராவ் லோரென்ஸ் மனம் நொந்தாலும் அதன்பிறகும் ‘ஸீ’ என்றே பேசிவந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தினேஷ் வந்தது அடுத்த குளிர்காலத்தில். ஜவுளித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி மாணவர். ஊர் பெருந்துறைப் பக்கம், தறிகளும் தோட்டமும் உள்ள குடும்பம். நான் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, முடிக்கும் வரை காத்திருந்து, “ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?” என்றார். பொய் சொல்வானேன், காதில் தேன் பாய்ந்தது. எத்தனை மாதமாயிற்று அந்த ராகத்தைக் கேட்டு. அவர் என்னை அக்கா என்றார், நான் அவரைத் தம்பி என்றேன். அரிசிம்பருப்பு சோற்றைப் பற்றிப் பேசினோம். இங்கே கிடைக்கும் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அந்தக் கேள்வி வந்தது. “கெணத்துக்கடவுல எந்தத் தோட்டமுங்கக்கா?”

வெளியூர் வாசகர்களுக்கு இது ஏதோ விலாசம் விசாரிப்பது போலத் தெரியும். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அது விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் கூட்டம், அதாவது குலம், தெரியும், கூட்டம் தெரிந்தால் சொந்தமா பந்தமா என்று தெரியும், தோட்டமே இல்லையென்றால் எல்லாமே தெரிந்துபோகும். “தோட்டமெல்லாம் இல்லீங்க தம்பி. நாங்க வளவுங்க” என்றேன். அவர் முகம் சுருங்கவில்லை, நல்லவிதமாக வளர்ந்த பையன். “ஓ, நைஸ். ஸோ, ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?” என்றார். அன்றிலிருந்து என்னிடம் ஆங்கிலம்தான். நன்றாக யோசித்துப் பார்த்தேன், கெட்டிக்காரத்தனம்தான். என்னை ‘நீ’ என்று சொல்ல இங்கே முடியாது, ‘நீங்க’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். நீயும் அதுவே, நீங்களும் அதுவே. நம்மவர்கள் பலருக்கு ஆங்கிலம் எதற்குப் பயன்படுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாயிற்று.

இந்த வசந்தத்தில் எங்கள் நூலகம் ஒரு ‘ஃபீல்ஃபால்ட்’ வாரம் அறிவித்தது. பன்மை என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் ஆகியோரின் மொழிகளைக் கொண்டாடுவது. மொழிக்கு ஒரு பலகை, முன்கூடத்தில் வரிசையாக நிற்கும். பலகையில் அந்த மொழியிலும் ஜெர்மனிலும் சிறு குறிப்பு, பக்கத்தில் ஒரு காதொலிக் கருவி. அதை மாட்டிக்கொண்டால் அந்தக் குறிப்பை அந்த மொழிக்காரர் வாசிப்பது கேட்கும். தமிழுக்குக் குறிப்பு எழுத தினேஷ் முன்வந்தார். குரலுக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். என் குரலைப் பெட்டியில் பிடித்துவைக்க யாரும் அதுவரை கேட்டதில்லை. பதிவு அறையில் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். ‘கொங்குத் தமிழ், மரியாதையின் மொழி. எங்கள் ஊரில் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வோம்.’

முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரியில் ‘யாரையும்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பதிவு செய்யும் பெண் தலையசைத்து மறுபடி தொடங்கச் சொன்னாள். மறுபடியும் அங்கேயே நின்றேன். நாக்குப் புரளவில்லை. என் அப்பா ‘யாரும்’ இல்லையா? எங்கள் வளவில் இருக்கிற ஒருவருமே ‘யாரும்’ என்ற கணக்கில் வரமாட்டார்களா? பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்கிறவனை மன்னிக்கலாம். இந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் மனமறிய உண்மையைத்தான் எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்த மனிதர்கள் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், பின்னாலேயே வந்து கேட்ட அந்தப் பெண்ணிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன்.

நான் கோயம்புத்தூரில் நூலக அறிவியல் படித்தபோது அப்பா என்னைப் பார்க்க வருவார். கிணத்துக்கடவில் ரயிலேறிப் போத்தனூரில் இறங்குவார், நான் போய் அழைத்துக்கொள்வேன். ஒருமுறை பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று அந்தப் பெண் குரல் பேசிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, முழுவதும் கேட்டு முடிக்கும் வரை அசையவில்லை. அது வேறு ஏதோ ரயிலுக்கான அறிவிப்பு. “எனக்குஞ் சேத்துத்தான் சொல்றாங்களா அம்மணி?” என்றார். டிக்கெட் எடுத்த எல்லோருக்கும்தான் என்றேன். “நல்லா மருவாதியாப் பேசறாங்க” என்றார். அப்பா என்னையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். உலகத்தில் அவர் ‘ங்க’ போடாத உயிர் இல்லை, வளவுக்கு வெளியே அவருக்குத் திருப்பிப் போட ஒரு ரயில் நிலைய இயந்திரம்தான் இருந்தது.

மறுநாள் தினேஷ் என்னைத் தேடி வந்தார். நான் வாசிக்க மறுத்ததும் ஏன் மறுத்தேன் என்பதும் அந்தப் பதிவுப் பெண் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். “அக்கா, எதுக்குங்க இதெல்லாம் வெள்ளக்காரங்க முன்னாடி? நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டுப் போலாமுங்களே. நம்ம ஊரு பேரு கெட்டுப்போயிருமுங்க” என்றார். காரியம் ஆக வேண்டுமென்றால் ‘ங்க’ எப்படி ஓடி வருகிறது பாருங்கள். “நம்ம ஊரு பேரு தம்பி, நம்ம அப்பாரு காலத்துலயே கெட்டுப்போச்சு. நான் புதுசா என்ன கெடுக்கப்போறேன்?” என்றேன். “அந்த ‘யாரையும்’ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துப்போடுங்க, நான் வாசிக்கறேன். இல்லாட்டி எங்க அப்பாவப் பத்தி ஒரு வரி சேருங்க.” அவர் முடியாது என்றார். பிரச்சினை ஃப்ராவ் லோரென்ஸிடம் போயிற்று.

ஃப்ராவ் லோரென்ஸ் நல்லவர் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து நான் எழுதப்போவதில் அது மறந்துபோகலாம். எங்கள் சாதிக்கு அந்த வரி பொருந்தாது என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு யோசனை சொன்னார். முன்கூடத்தில் இருப்பது கொண்டாட்டம், அங்கே மகிழ்ச்சியான செய்திகள்தான் பொருந்தும். ஆனால் மாடியில், வாசிப்பறையின் கடைசியில், ‘விளிம்புநிலைச் சமூகங்கள்’ என்று தனியாக ஒரு மேசை வைக்கிறோம், அதற்கு நூல்களும் எடுத்துவைத்திருக்கிறோம், உங்கள் அப்பாவின் கதை அங்கே மிக அழகாகப் பொருந்தும் என்றார்.

கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரி நூலகத்திலும் அப்படித் தனியாக ஒன்று இருந்தது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கடன் தரும் திட்டம். நல்ல திட்டம்தான், அது இல்லையென்றால் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பீரோவை வாசிப்புக் கூடத்தின் நட்ட நடுவே வைத்து, தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் ‘எஸ்.சி., எஸ்.டி. புத்தக வங்கி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் போய் நின்றால் போதும், வாய் திறக்க வேண்டாம், கூடமே திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பது போல நடந்து போய், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புத்தகத்தை உருவிக்கொண்டு வருவேன். ஜெர்மனியில் அதே பீரோவை மாடியில், இன்னும் அழகான எழுத்தில் வைக்கிறார்கள். தமிழ் கீழே, நான் மேலே. ஊர் ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம். கடல் கடந்து வந்த பிறகும் என்னை எங்கே நிறுத்துவது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? “ஃப்ராவ் லோரென்ஸ், நானும் தமிழ்தான். என் அப்பா மேசை இல்லை, அவரும் தமிழ்தான்” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வாசிப்பறையில் இருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். தோப்பில் என்னதான் நடந்தது என்று விவரமாகச் சொல்லச் சொன்னார். தோப்பையும் இளநீரையும் சின்னப் பண்ணாடியையும் சொன்னேன். ‘டே கருப்பா’ என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? ‘டூ’ என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தச் சிறுவன் என் அப்பாவை ‘டூ’ என்று கூப்பிட்டான் என்றேன். ஃப்ராவ் லோரென்ஸின் முகம் மலர்ந்தது. “ஒரு சின்னப் பையனுக்கு அவ்வளவு நெருக்கமானவரா உங்கள் அப்பா? எவ்வளவு அருமை” என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல் கேக்கோடு பரிமாறப்படுவது, அதில் என் அப்பாவின் அவமானம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன சொன்னாலும் அது அன்பாகவே போய்ச் சேர்ந்தது.

அதனால் அவரை விட்டுவிட்டுத் தினேஷ் பக்கம் திரும்பினேன். தமிழில்தான் கேட்டேன். “தம்பி, உங்க தோட்டத்துல வேல செய்யறவரு பேரு என்னங்க?”

“மாரி. மாரிமுத்து.”

“வயசுங்க?”

“எங்கப்பாவ விட மூத்தவரு.”

“போன தடவ ஊருக்குப் போயிருந்தீங்களே, அவர எப்படிங்க கூப்பிட்டீங்க?”

தினேஷ் மேசைமேல் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் சிவந்தன. ஃப்ராவ் லோரென்ஸுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் தினேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தனை நேரம் ஜெர்மனில் சொல்லிப் புரியாதது அந்த மௌனத்தில் அவருக்குப் புரிந்தது. கடைசியில் தினேஷ், “அவங்க சொல்றது உண்மைதான்” என்று ஜெர்மனில் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். “ஆனா, எம்பேர அந்தப் பலகையிலிருந்து எடுத்துப்போடுங்க” என்றும் சொன்னார். அதற்காக மதிக்கவில்லை.

பலகை முன்கூடத்திலேயே நின்றது. தினேஷ் எழுதியதில் ‘யாரையும்’ போயிற்று, ‘பலரையும்’ வந்தது. கீழே என் வரி. ‘இந்த ‘ங்க’ எல்லோருக்கும் தரப்பட்டதில்லை. தேங்காய் உரிக்கும் தொழிலாளியான என் அப்பா கருப்பன் அவர்களுக்கு, அவர் வேலை செய்யும் தோப்பின் வீட்டில் ஒருவரும், குழந்தைகளும்கூட, ஒருமுறையும் அதைத் தந்ததில்லை.’ ‘அவர்கள்’ என்பதை எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லை நான் எங்கேயும் கண்டதில்லை, கல்யாணப் பத்திரிகையில்கூட. அப்பாவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். இந்த முறை பதிவு அறையில் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்.

வாரம் தொடங்கியது. மாணவர்கள் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள், சிலர் என்னிடம் வந்து ‘வாங்க’ என்று சொல்லிக் காட்டினார்கள். ஒரு பேராசிரியர் பலகை முன் வெகுநேரம் நின்று, எங்கள் மொழியிலும் இப்படிப்பட்டவை உண்டு, நாங்கள் எழுதிவைப்பதில்லை என்று சொல்லிப் போனார். நூலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் எல்லாப் பலகைகளின் படமும் வந்தது. அது அங்கேயே நின்றிருக்கும் என்று நினைத்தேன். கோயம்புத்தூர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். அல்லது, மறந்துவிட்டது போல இருந்துகொண்டேன்.

வாரத்தின் கடைசி நாள், முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

“சின்னப் பண்ணாடி நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போறாருங்க அம்மணி” என்றார்.

“வளவுக்குள்ளயாங்கப்பா?” அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

“ஆமாங்க. காரு முக்குலயே நின்னுச்சு, அவரு நடந்து வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, ‘ஏனுங்க கருப்பனுங்களா, நல்லா இருக்கீங்களா? புள்ள சீமையில பெரிய ஆளாயிட்டாங்களாமா, நம்மளயெல்லாம் போர்டுல எழுதிப் போட்டிருக்காங்களாமா’ன்னு கேட்டாரு. அப்பறம், ‘இனி நீங்க தோப்புக்கு வர வேண்டாமுங்க. உங்களாட்டப் பெரியவங்கள நாங்க வேல வாங்கலாமுங்களா? பாவமாப் போயிருமுங்க’ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.” அப்பா மூச்சு வாங்கினார். “ஒரு ‘டே’ இல்லீங்க அம்மணி. சொன்னது அத்தனைக்கும் ‘ங்க’. எனக்குக் கையி காலெல்லாம் வெடவெடன்னு வந்துபோச்சு.”

ஒரு வாழ்நாள் முழுவதும் வராத அந்தச் சொல் கடைசியில் வந்து சேர்ந்தது, வேலையைப் பிடுங்குவதற்கு வந்து சேர்ந்தது. கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நீங்கள் எல்லோரும் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘இனி நீங்க வர வேண்டாமுங்க.’ எவ்வளவு பணிவு. போலீசில் போய்ச் சொன்னால்கூட, மரியாதையாகத்தானே பேசியிருக்கிறார் என்பார்கள். எதிரே பலகை நின்றுகொண்டிருந்தது. ஒரு மாணவி காதில் கருவியை மாட்டிக்கொண்டு என் குரலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த வரிய இப்பவே எடுத்துப்போடச் சொல்றனுங்கப்பா” என்றேன். “படத்தையும் எடுக்கச் சொல்றேன். நான் பண்ணாடியோட பேசறேன்.”

சொல்லிக்கொண்டே பலகையை நோக்கி நடந்தேன்.

“எடுக்க வேண்டாமுங்க” என்றார் அப்பா. “எடுத்துப்போட்டா மறுக்கா ‘டே’ன்னுதான் வந்து நிப்பாரு. வேற தோப்பு இல்லாமப் போச்சுங்களா? பல்லக் கடிச்சுக்கிட்டாச்சும் இன்னிக்கு எத்தன ‘ங்க’ போட்டாரு தெரியுங்களா. இன்னும் நாலு தரம் போடட்டுமுங்க. வாய்க்குப் பழகோணுமில்ல?”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மேலே பேசுவதற்குள், “இருங்க அம்மணி, வாசல்ல ஆரோ கூப்புடறாங்க” என்றார். அப்பாவுக்குப் போனை அணைக்கத் தெரியாது, அப்படியே எங்கோ வைத்துவிட்டுப் போவார். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. தகரக் கதவு இழுபட்டது. பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது. முன்கூடத்தில் மாணவர்கள் பேச்சும் காபி இயந்திரத்தின் இரைச்சலுமாக இருந்தது. நான் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு, தமிழ்ப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் நின்றேன். தூரத்தில் ஓர் ஆண் குரல் என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பெயர் கேட்டது. அதற்கு முன்னால் ஒரு ‘டே’ இருந்ததா, பின்னால் ஒரு ‘ங்க’ இருந்ததா, இரண்டில் எது வந்தால் நான் பயப்பட வேண்டும் என்று தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன்.